ஒலிபரப்புக் கல்வியும் உத்தியோகமும்

புதுவையினின்று மரக்காணம் செல்லும் கடற்கரைச் சாலையில், ஆரோவிலுக்கு அண்மையில் காலாப்பட்டு இருக்கின்றது. அங்குள்ள புதுவை சர்வகலாசாலை மின்னணு ஊடகக் கல்வியைப் போதிப்பதோடு, 'புதுவை வாணி' என்னும் சமூக வானொலியையும் நடத்துகின்றது. வாலிபர்கள் பேட்டி காணவும் ஒலிநாடாவைத் தொகுக்கவும் கைப்பழக்கம் பெறுகின்றனர். நற்காரியமே. பட்டம் பெற்றபின் அவர்கள் போவது எங்கே?

ஒலிபரப்பு நமக்குப் புதிதன்று. 1924-ல் ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சென்னையில் ரேடியோ சங்கம் கண்டனர். பணமுடையால் 1927-ல் அது நின்றது. பின்னர் நகரசபை நடத்திற்று. 1938-ல் அகில இந்திய ரேடியோ வந்தது. ஜனங்கள் மூட்டிய விளக்கு சர்க்காரின் மாடத்தில் ஏறிவிட்டது. 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஆகாய அலைகள் பொதுச் சொத்தே என்றும், பேச்சுரிமையில் ஒலிபரப்பும் அடங்கும் என்றும் தீர்ப்பளித்தது. 2004-ல் அண்ணா சர்வகலாசாலை தன் வானொலியைத் தொடங்கிற்று. 2006 முதல் தொண்டு ஸ்தாபனங்களுக்கும் அனுமதி கிட்டியது.

ஆனால் செய்தி மட்டும் கூடாது! சமூக வானொலியாயினும் தனியார் பண்பலையாயினும், ஆகாசவாணியின் செய்தியை எழுத்து மாறாமல் அஞ்சல் செய்யலாம். சொந்தச் செய்தி வாசிக்கலாகாது. மரக்காணத்து உப்பளத்தில் கூலித் தகராறு மூண்டால், நாம் அதை அச்சில் வெளியிடலாம். அதையே நிருபராகப் பயின்ற மாணவன் ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து கூறினால் குற்றமாம். அச்சுக்குள்ள சுதந்திரம் நாவுக்கு இல்லையென்பது என்ன நியாயமோ, நாமறியோம். இணையத்தின் வழியே ஒலிபரப்ப அலைவரிசை உரிமம் வேண்டுவதில்லை. ஆரோவில்வாசிகள் அவ்வழியே தம் வானொலியை நடத்திக் காட்டினர். ஆயின் அதில் சம்பளம்?

சம்பளமே விஷயத்தின் முடிச்சு. நிருபரும் செய்தியாசிரியரும் வேண்டாத நிலையத்தில் எஞ்சுவது சினிமாப் பாட்டுக்கிடையே பேசும் வேலை. சமூக வானொலியின் விளம்பர வருமானமோ அற்பம். ஆகாசவாணியில் தற்காலிக அறிவிப்பாளர் மாதத்திற்குச் சில முறையே அழைக்கப்பட்டு, அழைத்த நாளுக்கே கூலி பெறுகிறார். ஒலிப்பதிவு நுட்பம் கற்றவனுக்கு சினிமாவிலும் ஒலிப்புத்தகத்திலும் இடமுண்டு. குரலை மட்டும் நம்பியவன் பாடு கடினம்.

செய்தித் தடையை மத்திய சர்க்கார் நீக்க வேண்டும். அதுவரை, மகனைச் சேர்க்க வரும் தந்தை கட்டணம் செலுத்துமுன் கல்லூரித் தலைவரிடம் ஒன்று கேட்கட்டும்: சென்ற ஐந்தாண்டில் இங்கே பட்டம் பெற்றோருள் எத்தனை பேர் இன்று ஒலிபரப்பில் மாதச் சம்பளம் வாங்குகின்றனர்?