கண்ணால் பார்த்தது பொய்யாம், செல்போன் சொன்னது மெய்யாம்!



2018-ல் நம்ம மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது. குருத்தைப் பிரித்தால் புழு தெரிந்தது. முடிந்தவரை மருந்தடித்துப் பார்த்தோம். 2020 பிப்ரவரியில் வந்த புழுவோ கண்ணுக்கே தெரியவில்லை. அது வாட்ஸ்அப்பில் வந்தது.

"கோழி, முட்டை தின்றால் கொரோனா வரும்" என்று எவனோ கிளப்பிவிட்டான். கூடவே எங்கோ எப்போதோ செத்த கோழிகளின் படம். நாமக்கல் பண்ணைகளில் நம்ம சனங்கள்தான் வேலை பார்க்கிறார்கள். விடிந்தால் கோழி, அடைந்தால் கோழி. கோழியால் அவர்களில் யாருக்கும் கொரோனா வரவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தோம். பார்த்துட்டு என்ன செய்தோம்? ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைப் பக்கமே போகலை. ஒளிப்பானேன், நம்மாட்களே அந்தப் படத்தை நாலு பேருக்கு அனுப்பியும் விட்டார்கள்! அனுப்பினது மாமன் மகனாச்சே, பொய் சொல்வானா என்ற நினைப்பு. மாமன் மகனுக்கு அனுப்பினது யாருன்னு கேட்கத் தோணலை.

இதற்கு ஆதாரமே இல்லை என்று மத்திய கால்நடைத்துறை சொன்னது. ஐதராபாத்தில் அமைச்சர்களே மேடையேறி கோழிக்கறி தின்று காட்டினார்கள். வதந்தி ஊருக்குள் வந்த வேகத்தில் இந்த மறுப்பு வந்து சேரவில்லை.

பண்ணைக்காரருக்குத்தானே நஷ்டம், நமக்கென்ன என்கிறீர்களா? கோழித் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல், ராசிபுரம் பக்கத்துச் சோளத்துக்குப் பெரிய கிராக்கியே கோழித் தீவனம்தான். அங்கே முட்டை தேங்கினால் இங்கே நம்ம களத்தில் மூட்டை தேங்கும். மார்ச் 25-ல் ஊரடங்கும் சேர்ந்துகொண்டது. 2019-20-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,760 ரூபாய். நாட்டின் பல மண்டிகளில் விலை அதற்கும் கீழே போனது. பிறகு ஏறத்தான் செய்தது. வட்டிக்குப் பயந்து முன்னாடியே விற்றவனுக்கு அதில் ஒரு பைசா உண்டா?

2025-26-க்கு ஆதரவு விலை 2,400 ரூபாய் என்று அறிவித்தார்கள். அறிவித்தால் போதாது, அந்த விலைக்கு அரசே எடுக்க வேண்டும். இனி இப்படி வதந்தி கிளம்பினால், அன்றைக்கே கால்நடைத்துறை ஊர் ஊராக மைக் கட்டிச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கப் போகிறோம். வாங்க. பக்கத்துக் காட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. செல்போனில் சொல்லி விட்டுடாம, நேரில் போய்க் கூப்பிடுங்க.