கோலார் ஆழமும் ஏற்காடு உயரமும்

உள்ளங்கையை வானம் பார்க்க நீட்டிப் பாருங்கள். ஒன்றும் விழவில்லை என்பீர்கள். விழுந்தது! நொடிக்கு ஒரு மியூவானாவது கையைத் துளைத்து, காலடி மண்ணுக்குள்ளும் போய்க்கொண்டிருக்கிறது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல்காற்றில் மோதிப் பிறக்கும் துகள் அது. மலைமேல் மிகுதி, சமவெளியில் குறைவு, பாறைக்கடியில் அரிது.

எவ்வளவு அரிது? அளந்து உலகுக்குச் சொன்ன இடம் கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்து வயிறு பிழைக்கப் போன தமிழன், பாறையே அனலாய்க் கொதிக்கும் ஆழத்தில், நெஞ்சில் கல்தூசி படியத் தோண்டிய குழி! டாடா ஆராய்ச்சி நிலையத்தார் 1950களில் அங்கே கருவிகளை இறக்கினர். ஆழம் போகப்போக எண்ணிக்கை தேய்ந்தது. இரண்டே முக்கால் கிலோமீட்டர் ஆழத்தில், வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றுகூட விழவில்லை. அந்த அமைதியை நம்பித்தான் 1965இல் இந்திய, ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகள், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை அச்சுரங்கத்திலேயே கண்டனர். ஆராய்ச்சி ஏட்டில் அவர்கள் பெயர் உண்டு, தகும். கூண்டை இயக்கியவன், பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுத்தவன் பெயர் எங்கே? 2001இல் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள்.

'நம் நெய்வேலிச் சுரங்கத்தில் அளக்கலாகாதா?' என்பீர்கள். நம்முடையது திறந்தவெளிச் சுரங்கம். தலைக்கு மேல் பாறையில்லை, வானம்தான்! குழிக்குள்ளும் கரையிலும் கணக்கு ஏறத்தாழ ஒன்றே. வித்தியாசம் காண மலையேற வேண்டும்.

ஏறினால் வேடிக்கை இருக்கிறது. மியூவானின் ஆயுள், நொடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் இரண்டு கூறு. ஒளிவேகத்தில் ஓடினாலும் சராசரி 660 மீட்டர்தான். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே எண்ணியதில் பத்தில் ஒன்றுதான் நெய்வேலி வரை பிழைக்க வேண்டும். எண்ணிப் பார்த்தாலோ பெரும்பங்கு உயிரோடு வந்து சேர்கிறது! வேகமாய் ஓடுவதற்குக் காலம் மெதுவாய் நகரும் என்றாரே ஐன்ஸ்டைன், அதை மாணவன் தன் கையாலேயே கண்டுவிடலாம்.

வேண்டியது என்ன? துகள் பட்டால் மின்னும் பிளாஸ்டிக் பலகை இரண்டு, அந்த மின்னலை எண்ணும் சிறு கருவி, ஒரு பேட்டரி. இரண்டு பலகையும் ஒரே கணத்தில் மின்னினால் ஒரு மியூவான்! புத்தகப் பைக்குள் அடங்கும்.

லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம். நிலக்கரி நிறுவனத்தாரைக் கேட்கிறோம்: சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களின் பள்ளிக்கு ஒரு கருவி, ஏற்காட்டுக்கு ஒரு பஸ். முதல் பஸ் முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்போரம் வந்து நிற்கட்டும்.