அழிக்க ஆளில்லாத பிராஞ்சுகள்

ஓப்பன் சோர்ஸில் கைகொடுக்கலாம் என்று ஆசையாக வருகிற பையன் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த பிராஞ்சுக்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பணும்?" என்றுதான். திட்டத்தைப் பராமரிக்கிற நாங்கள் ஆளுக்கொரு பதில் சொல்கிறோம். ரீட்மீயில் 'டெவலப்' என்று இருக்கிறது; அதில் கமிட் விழுந்து வருஷக்கணக்காகிறது. வேலை நடப்பது 'மெயினில்'. "மெயினைத் தொடாதப்பா, ரிலீஸ் பிராஞ்சிலிருந்து எடு" என்பார் இன்னொருவர். பையன் வேறு திட்டம் பார்த்துக்கொண்டு போய்விடுவான். போகாமல் என்ன செய்வான்?

பிராஞ்ச் பட்டியலைத் திறந்தால் தலை சுற்றும். லாகின்-ஃபிக்ஸ், லாகின்-ஃபிக்ஸ்-2, லாகின்-ஃபைனல், லாகின்-ஃபைனல்-நிஜமா, டெஸ்ட்-அழிக்காதீங்க. இந்தக் கடைசியை யார் எதற்குப் போட்டார் என்று ஒருவருக்கும் தெரியாது. அழிக்காதீங்க என்று எழுதியிருப்பதால் அழிக்கவும் ஒருவருக்கும் கை வரவில்லை.

கிட்டைக் குறைசொல்ல முடியாது. அதில் பிராஞ்ச் என்பது ஒரு கமிட்டின் 40 எழுத்து அடையாளத்தைக் குறித்துவைத்த துண்டுச்சீட்டு, அவ்வளவுதான். நொடியில் உருவாகும், இடத்தையும் அடைக்காது. அந்தத் தைரியத்தில்தான் ஆளாளுக்குப் போட்டுத் தள்ளுகிறார்கள். சரி, மெர்ஜ் ஆனதை மட்டுமாவது களையலாம் என்று பட்டியல் கேட்டால், கிட் கையை விரிக்கிறது. ஸ்குவாஷ் பண்ணி ஒரே கமிட்டாக மெர்ஜ் செய்வது எங்கள் வழக்கம். பிராஞ்சில் இருந்த கமிட்டுகள் மெயினின் வரலாற்றுக்குள் வராததால், வேலை முடிந்த பிராஞ்சும் மெர்ஜ் ஆகாத கணக்கிலேயே கிடக்கிறது. ஒவ்வொன்றாக ஆள்தான் திறந்து பார்க்கவேண்டும். மெர்ஜ் ஆனவுடன் தானாக அழிக்க கிட்ஹப் செட்டிங்ஸில் ஒரு டிக் போதும். அதைப் போடலாமா என்று பேசுகிறோம், பேசுகிறோம், பேசிக்கொண்டே இருக்கிறோம்.

'டெவலப்' வந்தது வின்சென்ட் ட்ரீசன் 2010-ல் எழுதிய கிட்-ஃப்ளோவிலிருந்து. ஃபீச்சர், ரிலீஸ், ஹாட்ஃபிக்ஸ் என்று கலர் கலராய் அழகான படம். யாரோ மயங்கிக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். அடிக்கடி வெளியிடும் வெப் மென்பொருளுக்கு இதைவிட எளிய முறையே போதும் என்று 2020-ல் அவரே குறிப்புச் சேர்த்துவிட்டார். எங்களுக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை.

லினக்ஸ் கர்னலில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கோடு எழுதுகிறார்கள். புதியவை உள்ளே வர இரண்டு வாரம். அப்புறம் வெளியீடு வரை திருத்தங்கள் மட்டும். விரல்விட்டு எண்ணக்கூடிய எங்களுக்கு இப்படி ஒரு வரி எழுதிவைக்க வக்கில்லை.

போதாக்குறைக்கு ரெப்போவையும் பிரித்துவைத்திருக்கிறோம்: கோடு ஒன்றில், ஆவணம் ஒன்றில், மொழிபெயர்ப்பு ஒன்றில். ஒரு பட்டனின் பெயரை மாற்ற மூன்று புல் ரிக்வெஸ்ட். முதல் இரண்டும் மெர்ஜ் ஆகிவிட்டன. மூன்றாவதற்கு உரிமை வைத்திருப்பவர் வேலை மாறிப் போனதோடு சரி, ஆளையே காணோம். ஆங்கிலத்தில் பட்டனுக்குப் புதுப்பெயர், தமிழில் பழைய பெயர்.