காரோடு ரயிலில் ஊருக்குப் போனால் என்ன?

'சித்த வைத்தியருக்கு ரயில்வேயில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது, சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வைத்தியம் பார்க்கிற எங்களுக்கு ஒரு தனி 'சீசன்' உண்டு. பொங்கல் லீவு முடிந்து கம்பெனிகள் திறக்கிற வாரம் அது. நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில், ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள் இங்கே நிறையப் பேர் குடும்பத்தோடு குடியிருக்கிறார்கள். ஊருக்குப் போய்விட்டு வந்தவர்கள் வரிசையாக வருவார்கள். ஐயாவுக்குப் பிடரி திருப்ப முடியாது, இடுப்பு பிடித்திருக்கும், கண் எரியும். மூலம் இருக்கிறவர் என்றால் ரத்தம் போக ஆரம்பித்திருக்கும். அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. பிள்ளைக்கு நாலு நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லை. கூடப் போன பாட்டிக்குக் கால் இரண்டும் வீக்கம்.

"என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான். "ஒண்ணுமில்ல டாக்டர், கார்ல ஊருக்குப் போயிட்டு வந்தோம்."

இந்த 'ஒண்ணுமில்ல' என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா?

முதல் ஷிப்டுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை நாலரை மணிக்கு எழுகிறார். ஆறு முதல் இரண்டு வரை வேலை. வீட்டுக்கு வந்து மூட்டை கட்டி, காருக்குக் காற்றடித்து, பெட்ரோல் போட்டு, இரவு எட்டு மணிக்குக் கிளம்புகிறார். இங்கிருந்து நெல்லைக்கு 650 கிலோ மீட்டருக்குக் குறையாது. வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூர் வருவதற்கே இரவு பத்து. அப்போதே அவர் விழித்து பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பரனூர் சுங்கச் சாவடியில் நிற்கிற நேரத்தை நான் சேர்க்கவில்லை. திருச்சியைத் தாண்டி மேலூர் பக்கம் போகும்போது விடியற்காலை நாலரை. அதாவது, கண்ணை மூடி இருபத்து நாலு மணி நேரம்!

1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லி கிராம் சாராயம் ஏறியவரைப் போலத் தடுமாறுகின்றன. 24 மணி நேரம் என்றால் அது 100 மில்லி கிராமுக்குச் சமம். நம் மோட்டார் வாகனச் சட்டம் 30 மில்லி கிராமைத் தாண்டினாலே குற்றம் என்கிறது. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத உத்தமர், பெண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சட்டம் அனுமதிக்கிற அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் 'குடித்தவராக' மேலூரில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவரை ஊதச் சொல்லிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

போதாததற்கு, விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து மணி வரை உடம்பே தன்னை அணைத்துக்கொள்ளப் பார்க்கும் நேரம். டீ குடித்தாலும், பாட்டுப் போட்டாலும், ஜன்னலை இறக்கி முகத்தில் காற்று வாங்கினாலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அப்புறம் கண் திறந்திருக்கும், மூளை தூங்கிவிடும். மூன்று விநாடி போதும். மணிக்கு 90 கிலோ மீட்டர் வேகத்தில் அந்த மூன்று விநாடியில் கார் 75 மீட்டர் ஓடிவிடும், ஓட்டுகிறவர் இல்லாமலே.

என்னிடம் தோள்பட்டை வலிக்கு வந்துகொண்டிருந்த ஒரு வெல்டிங் சூப்பர்வைசர் இப்படித்தான் விழுப்புரம் தாண்டி நடுத் தடுப்பில் ஏற்றிவிட்டார். தெய்வாதீனம், உயிர் பிழைத்தார்கள். மனைவிக்குக் காறை எலும்பு முறிந்தது. "நான் தூங்கவே இல்ல சார்" என்று இன்றைக்கும் சாதிக்கிறார். பொய் சொல்லவில்லை. அந்த மூன்று விநாடி அவருக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் என்று பதினாலு சொல்லியிருக்கிறது. வாயு, மலம், நீர், தும்மல், இருமல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், வாந்தி, கண்ணீர் என்று அந்தப் பட்டியல் போகும். பாளையங்கோட்டைக் கல்லூரியில் இதைப் படித்தபோது, 'யார் ஐயா இவ்வளவையும் ஒன்றாக அடக்கப் போகிறார்கள்?' என்று நாங்கள் சிரித்ததுண்டு. இப்போது தெரிகிறது. இரவு முழுக்கக் காரில் போகிற குடும்பம் ஒரே ராத்திரியில் இதில் பாதியை அடக்கிவிடுகிறது!

முக்கியமாகப் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலைக் கழிப்பறைகளின் லட்சணம் தெரிந்து, கிளம்புகிற அன்று மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். எட்டு, பத்து மணி நேரம். நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? சீரகத் தண்ணீரும் வெட்டிவேர் ஊறிய தண்ணீரும் ஆரம்பக் கடுப்பைக் கொஞ்சம் தணிக்கும். ஆனால் குளிர் ஜுரமோ, விலாவில் வலியோ, நீரில் ரத்தமோ இருந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சோதனை செய்து மருந்து சாப்பிட வேண்டும்.

இன்னொன்று. வெகுநேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து வந்த பின், இரண்டு காலும் லேசாக வீங்கினால் ஒரு நாள் ஓய்வில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் தைலம் தேய்க்கவே கூடாது. தைலம் கொடுக்கிற நானே சொல்கிறேன். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

"அதெல்லாம் சரி டாக்டர், ரயிலில் போக வேண்டியதுதானே? யார் காரில் போகச் சொன்னது?" என்பீர்கள்.

இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சென்னையே சொந்த ஊராக உள்ளவர்கள்! நெல்லை ஸ்டேஷனில் இறங்கியதோடு ஊர் வந்துவிடுவதில்லை. அங்கிருந்து நாற்பது கிலோ மீட்டர் உள்ளே ஒரு கிராமம். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. குலதெய்வக் கோவில் ஒரு திசையில், மாமியார் வீடு இன்னொரு திசையில். முட்டி தேய்ந்த அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். திரும்பும்போது ஒரு மூட்டை அரிசி, இருபது தேங்காய், கருப்பட்டி, முறுக்கு டின். கார் தேவைப்படுவது ஊரில்தான். ஊருக்குப் போகிற வழியில் அது தேவையே இல்லை. ஊரில் நாலு நாள் ஓட்டுவதற்காக, ராத்திரியில் 650 கிலோ மீட்டர் உயிரைப் பணயம் வைத்து அதை ஓட்டிக்கொண்டு போகிறோம்.

அதனால்தான் கேட்கிறேன். நாம் பெட்டியில் படுத்துத் தூங்க, நம் கார் அதே ரயிலில் பின்னால் வந்தால் என்ன?

இது கனவு இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் லார்ட்டன் என்ற ஊரிலிருந்து ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டுக்கு 'ஆட்டோ டிரெயின்' ஓடுகிறது. ஏறத்தாழ 1,370 கிலோ மீட்டர், ஒரு ராத்திரிப் பயணம். 1971-ல் ஒரு தனியார் கம்பெனி ஆரம்பித்தது. 1981-ல் நொடித்துப் போனது. 1983-ல் ஆம்ட்ராக் எடுத்து நடத்த ஆரம்பித்தது. குளிர்காலத்தில் வெயில் தேடித் தெற்கே போகிற பெரியவர்கள் இதில் நிறைய. வயசான காலத்தில் நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம், போன இடத்தில் சொந்தக் கார் இருக்கும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டிலேயே கொங்கண் ரயில்வே 1999 முதல் லாரிகளைத் தட்டை வேகன்களில் ஏற்றிக்கொண்டு போகிறது. அதே ரயில்வே 2025 ஆகஸ்ட் 23 அன்று, விநாயகர் சதுர்த்தியை ஒட்டி, கார்களுக்கும் ஆரம்பித்தது. மகாராஷ்டிரத்தின் கோலாட் ஸ்டேஷனில் மாலை 5 மணிக்கு ஏறினால் கோவாவின் வெர்ணாவில் மறுநாள் காலை 5 மணிக்கு இறங்கலாம் என்று அறிவித்தார்கள். ஒரு நடைக்கு 40 கார்கள். குறைந்தது 16 கார்களாவது பதிவாக வேண்டும் என்றார்கள். காருக்குக் கட்டணம் அப்போது 7,875 ரூபாய். ஆட்களுக்குத் தனி டிக்கெட். மூன்றாம் வகுப்பு ஏ.சி. 935 ரூபாய், உட்காரும் வகுப்பு 190 ரூபாய்.

நல்ல ஆரம்பம்தான், ஆனால் குறைகள் உண்டு. ஒரு காருக்கு மூன்று பேருக்குத்தான் இடம் என்றார்கள். நம் வீட்டில் பாட்டியையும் சின்னவனையும் எங்கே விடுவது? மும்பைக்காரர் கோலாட் வரைக்கும் நூறு கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டி வந்து, மூன்று மணி நேரம் முன்னதாகவே ஆஜராக வேண்டியிருந்தது. கட்டணமும் அதிகம். நம் நெல்லைப் பயணத்துக்கு, லிட்டருக்குப் பதினைந்து கிலோ மீட்டர் கொடுக்கிற கார் என்றால், பெட்ரோலும் சுங்கமும் சேர்த்து ஐயாயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். காருக்கு அந்த அளவில் கட்டணம் வைத்து, ஐந்து பேருக்குப் படுக்கை வசதிப் பெட்டியில் இடம் கொடுத்தால் நம் ஆட்கள் யோசிக்காமல் வருவார்கள் என்பது என் எண்ணம்.

இடத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் செய்கிற புதுக் கார்கள் வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் ஏறி வட இந்தியாவுக்குப் போகின்றன. ஏற்றுகிற சாய்தளம் அங்கே இருக்கிறது. பழைய பயணிகள் பெட்டிகளில் சீட்டுகளைக் கழற்றி, முனையில் கதவு வைத்துக் கார் வேகன்களாக மாற்றியிருக்கிறார்கள். ஆள் இல்லாத புதுக் கார், கீறல் படாமல் ரயிலில் போகிறது. அதைச் செய்தவர் குடும்பத்தோடு ராத்திரி முழுக்கக் கண் விழித்து ரோட்டில் போகிறார்!

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்க்காரர்கள் சென்னை நெரிசலுக்குள் நுழையாமல் ஸ்ரீபெரும்புதூர் வழியாக வாலாஜாபாத் போய்விடலாம். அங்கிருந்து செங்கல்பட்டு போய்த் தெற்கு மெயின் லைனில் சேரலாம். நாகர்கோவில் வரைக்கும் இப்போது இரட்டைப் பாதை வந்துவிட்டது. நெல்லைக்கு முன்னால் கங்கைகொண்டான் மாதிரி ஓர் இடத்தில் இறங்குகிற சாய்தளம் போட்டால் போதும். தினசரி ஓட வேண்டியதில்லை. பொங்கல், தீபாவளி, மே மாத லீவு, இந்த மூன்றுக்கும் போக நாலு நடை, வர நாலு நடை என்று தெற்கு ரயில்வே முயன்று பார்க்கலாம்.

பாதுகாப்பு பற்றிய பயம் நியாயமானது. 2023 ஆகஸ்ட் 26-ல் மதுரையில் சுற்றுலா ரயில் பெட்டிக்குள் காஸ் சிலிண்டர் வைத்துச் சமைக்கப் போய் ஒன்பது பேர் இறந்ததை மறக்க முடியாது. எனவே கார்கள் தனி வேகன்களில், ஆட்கள் தனிப் பெட்டிகளில். காருக்குள் யாரும் உட்காரக் கூடாது. டாங்கில் கொஞ்சம் பெட்ரோல் மட்டும். 'ஏ.சி. போட்டுக்கிட்டுக் காரிலேயே படுத்துக்கறேனே' என்கிற ஆசாமிகளை இறக்கிவிட ஒரு கண்டிப்பான கார்டு வேண்டும்.

இந்த ரயில் வருகிறவரைக்கும் என்ன செய்வது?

ராத்திரி பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை ஓட்டாதீர்கள். ஷிப்ட் முடிந்த அன்றே கிளம்பாமல், வீட்டில் ஏழு மணி நேரம் தூங்கி, விடியற்காலை ஐந்துக்குக் கிளம்புங்கள். ஒரு பகல் போகிறதே என்று வீட்டில் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எல்லோரும் இறங்கிப் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். பெண்கள் தண்ணீரைக் குறைக்காதீர்கள். வழியில் பரோட்டா, சால்னா வேண்டாம், இட்லி போதும். பிள்ளைக்குக் குமட்டினால் ஏலக்காயைத் தட்டி வாயில் போடுங்கள், பெரியவர்கள் ஒரு துண்டு இஞ்சியை மெல்லலாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள மாத்திரையை டிக்கியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு ராத்திரி முழுக்க ஓட்டிப் போய், இறங்கியதும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பட்சணம் தின்று, மத்தியானம் வரை தூங்குகிறார்கள். எண்ணெய் முழுக்கு அன்று பகல் தூக்கம் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. தலை பாரமும் உடம்பு வலியும் அங்கேதான் ஆரம்பிக்கும். அப்படிப் போனவர்கள் முதலில் தூங்கி எழுந்து, எண்ணெயை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, சிப்காட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தம்பிகளுக்கு. பொங்கலுக்கு பைக்கிலேயே தெற்கே கிளம்பிவிடுகிறீர்கள். கார்க்காரராவது கூண்டுக்குள் இருக்கிறார், உங்களுக்கு ஹெல்மெட்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பைக்குக்கு ரயில்வேயில் ஏற்கெனவே வழி இருக்கிறது. டிக்கெட் இருந்தால் லக்கேஜாகவும், இல்லாவிட்டால் பார்சலாகவும் அனுப்பலாம். ஆர்.சி. புத்தக நகலும் அடையாள அட்டையும் கொண்டு போங்கள். பெட்ரோலைச் சுத்தமாக வடித்துவிட்டு, சாக்கு சுற்றிக் கட்டிக் கொடுக்க வேண்டும். கிளம்புகிற நேரத்தில் ஓடாமல், பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னதாகவே பார்சல் ஆபீசில் விசாரித்துவிடுங்கள். உங்கள் டிக்கெட்டுக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும். பொங்கல் என்றால் நவம்பரிலேயே விழித்துக்கொள்ள வேண்டும்.