பின்கட்டுப் புகை

எங்கள் ஜூஜுவாடியில் காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்க வந்து நின்றால் போதும், சிப்காட் பக்கம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் சாரிசாரியாகப் போவார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் எங்களுக்குப் பழகிய பேச்சு. இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன.

எங்கள் பின்கட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறோம். போன தை மாதம் ஒரு பீகார்க் குடும்பம் குடிவந்தது. புருஷனுக்கு ஒரு கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுகூட இராது. இடுப்பில் மூன்று வயதுப் பையன், வயிற்றில் ஐந்து மாதம்.

வந்த மறுநாளே மூன்று செங்கல்லை வைத்து, உடைந்த மரப்பெட்டிக் கட்டைகளைப் போட்டு அடுப்பு மூட்டிவிட்டாள். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரெல்லாம் ஒரே கரி. எனக்கு வந்ததே கோபம்! "ஊரெல்லாம் கேஸ் இருக்க, உனக்கு மட்டும் ஏம்மா இந்தப் புத்தி?" என்று கத்திவிட்டேன். அவள் தலையைக் குனிந்தபடி, "அட்ரஸ் இல்லை அக்கா, கேஸ் குடுக்கல" என்றாள்.

அன்று ராத்திரி, கல்லூரியில் படிக்கும் என் பெண் நீதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட ஒரு கணக்கைப் படித்துக் காட்டினாள். வருமானத்தை மட்டும் பார்க்காமல் சத்தான சாப்பாடு, பிரசவ காலக் கவனிப்பு, படிப்பு, குடிநீர், கழிப்பறை, சமைக்கும் எரிபொருள் என்று 12 விஷயங்களை வைத்து ஏழ்மையை அளக்கிறார்களாம். 2019-21 சர்வேப்படி பீகாரில் நூற்றுக்குச் சுமார் 34 பேர் ஏழைகள். கர்நாடகத்தில் 8, தமிழ்நாட்டில் 2. கேரளத்தில் முழுசாக ஒருவர்கூட இல்லை! 2015-16-ல் பீகாரில் 52 ஆகவும் நம்மிடம் 5 ஆகவும் இருந்ததாம். ஆக, அங்கேயும் குறைந்துதான் வருகிறது.

ஒரே நாட்டில் ஏன் இத்தனை வித்தியாசம்? 'அவர்கள் சோம்பேறிகள்' என்று சொல்லலாமா? பன்னிரண்டு மணி நேரம் மூட்டை தூக்குகிறவனை அப்படிச் சொன்னால் நம் வாய்தான் வேகும்.

என் கதையையே சொல்கிறேனே. நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவள். அப்போது இதெல்லாம் தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல்தான். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். "ஒரு வேளைச் சோறு அங்கே ஆயிடும், போய் வா" என்றுதான் அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்பினாள். சோற்றுக்காகப் போனவள் பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டேன். அவளோ, தம்பியைப் பார்த்துக்கொள்ள இரண்டாம் வகுப்போடு நின்றவள். மனக்கணக்கில் என்னைவிடக் கெட்டி! சாமர்த்தியத்தில் குறைவில்லை. பள்ளிக்கூடமும் சோறும் ரேஷன் கடையும் நர்ஸம்மாவும் எட்டுகிற தூரத்தில் இருந்தார்களா என்பதில்தான் வித்தியாசம்.

மறுநாளே அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பையனை அங்கன்வாடியில் சேர்த்தோம். உங்கள் பக்கத்திலும் இப்படிக் குடும்பங்கள் இருக்கும். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்:

முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம். விலை சற்றுக் கூடத்தான்; ஆனால் பிள்ளைத்தாய்ச்சிக்குப் புகை ஆகாது.

சொந்த ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷன் கார்டு இருந்தால், 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் இங்கேயே கைரேகை வைத்து அரிசி, கோதுமை வாங்கலாம். தமிழ்நாட்டில் இது 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது.

அங்கன்வாடியில் குழந்தைக்குச் சாப்பாடும், கர்ப்பிணிக்குச் சத்துமாவும் உண்டு.

சுவர்க் கரி அப்படியே இருக்கிறது. அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்தால் போயிற்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் கத்தியதுதான் ஞாபகம் வருகிறது. அதற்கு வெள்ளையடிக்க முடியுமா, சகோதரிகளே?