சாக மறுக்கும் செல், ஒரு மாத்திரை, ஒரு காப்புரிமை: இமாட்டினிப் வழக்கு இன்றும் ஏன் முக்கியம்?

இந்தப் பத்தியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் உடலில் லட்சக்கணக்கான செல்கள் செத்திருக்கும். பயப்படாதீங்க, அது நடந்தால்தான் ஆரோக்கியம். சேதமடைந்த செல்கள் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் அப்போப்டோசிஸ்.

சாகணுமா வேண்டாமா, யார் முடிவு செய்வது?

இதில் என்சைம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 'கைனேஸ்' வகை என்சைம்கள் மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி சிக்னல் அனுப்பும். அதில் 'பிழைத்திரு', 'பெருகு' என்பவையும் அடக்கம். 'காஸ்பேஸ்' வகை, உத்தரவு வந்தால் செல்லை உள்ளிருந்தே வெட்டிப்போடும். 'பிழைத்திரு' சிக்னல் ஓயாமல் வந்தால் காஸ்பேஸுக்கு வேலையே வராது.

சிஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோயில் நடப்பது இதுதான். 9, 22-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ள, பிசிஆர்-ஏபிஎல் என்ற கைனேஸ் உருவாகிறது. அது எப்போதும் ஆன்-லயே இருக்கும். இமாட்டினிப் மாத்திரை அந்த என்சைமுக்குள் ஏடிபி உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிக்னல் நிற்கிறது, புற்றுசெல்கள் சாகத் தொடங்குகின்றன.

இதில் விலை எங்கே வந்தது?

பலர் இதை வருடக்கணக்கில் சாப்பிடணும். வழக்கு நடந்த காலத்தில் நோவார்ட்டிஸின் 'கிளீவெக்' மாதத்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாயாக இருந்தது. இந்திய ஜெனரிக் அப்போது சுமார் 8,000 முதல் 10,000 ரூபாயாகத்தான் இருந்தது.

மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு அந்த நிறுவனம் 1998-ல் சென்னையில் விண்ணப்பித்தது. புற்றுநோயாளிகளுக்கான ஓர் அமைப்பும் ஜெனரிக் நிறுவனங்களும், காப்புரிமை தரும் முன்பே எதிர்ப்பு மனு போட்டன. 2006-ல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அடிப்படை, பிரிவு 3(டி): தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேணும்னா, நோயைக் குணப்படுத்தும் திறன் கூடியிருக்கணும்.

இப்போது என்ன மாறியிருக்கு?

3(டி) அப்படியே இருக்கு. ஆனால் 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகளின்படி, முன்கூட்டிய எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் உண்டு. அது விசாரிக்கத் தகுந்ததா என்பதை அதிகாரி முதலில் முடிவு செய்வார். வீண் மனுக்கள் குறையும் என்பது ஒரு தரப்பு வாதம். நோயாளி அமைப்புகளுக்கு வழி குறுகும் என்பது மறுதரப்பு வாதம். கிளீவெக் வழக்கே அப்படியொரு மனுவில் தொடங்கியதுதான். அதனால் இனி எத்தனை மனுக்கள் முதல் கட்டத்திலேயே தள்ளுபடியாகின்றன, என்ன காரணம் சொல்லப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். அடுத்த புற்றுநோய் மாத்திரையின் விலைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கு.