எலி சொன்னால் சரிதான்!

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் ஃபாக்டரி வாசலில் ஒரு பெரிய போர்டு உண்டு. 'விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நம்பர். தினமும் காலையில் அந்த நம்பரை மாற்றுகிறவன் அடியேன்தான். பதவியின் பெயர், ஸேஃப்டி ஆபீஸர். நம்பர் மாற்ற ஆபீஸர் எதற்கு என்று கேட்காதீர்கள். என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

ரொம்ப நாளாக அந்த நம்பர் நாற்பதைத் தாண்டாமல் நொண்டிக்கொண்டிருந்தது. மானேஜர் கூப்பிட்டு, "ஏதாவது பண்ணுய்யா" என்றார். பண்ணினேன். 'இருநூறு நாள் விபத்தில்லாமல் ஓட்டினால் எல்லோருக்கும் மட்டன் பிரியாணி, ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ்' என்று நோட்டீஸ் ஒட்டினேன். அவ்வளவுதான்! ஸ்விட்சை அணைத்த மாதிரி விபத்து நின்றது. நூறு, நூற்றைம்பது என்று போர்டு பறந்தது. மானேஜர் என் தோளில் கை போட்டு நடக்க ஆரம்பித்தார்.

இருநூறாவது நாள் ஷாமியானா போட்டு விழா. வரிசையில் வருகிறவர்களுக்கு ஹாட்பாக்ஸை என் கையால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிரஸ் ஷாப் பையன் ஒருவன் வந்தான். ஐ.டி.ஐ. முடித்த ட்ரெய்னி. சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம். இடது கையை நீட்டினான்.

"ஏம்ப்பா, பரிசை இடது கையிலயா வாங்குவாங்க? சோத்துக் கையை நீட்டு" என்றேன், எல்லோர் எதிரிலும், மைக்குக்குப் பக்கத்தில். கூட்டம் சிரித்தது. பையன் லைன் லீடரைப் பார்த்தான். அப்புறம் முதுகுக்குப் பின்னாலிருந்து வலது கையை மெதுவாக எடுத்தான்.

ஆள்காட்டி விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கி, கறுத்துப்போயிருந்தது. சுற்றி காட்டன் வேஸ்ட் கட்டியிருந்தான்.

தகட்டின் ஓரத்துப் பிசிறு கிழித்திருக்கிறது. நடந்தது 194-ஆவது நாள். "தம்பி, ஆறே நாள் பொறுத்துக்க. உன்னால இத்தனை பேர் பிரியாணி போயிடும்" என்று லைனில் சொல்லியிருக்கிறார்கள். பொறுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் ஒரு கணு எடுக்கவேண்டியதாயிற்று. "அன்னிக்கே வந்திருந்தா நாலு தையலோட போயிருக்கும்" என்றார் டாக்டர்.

அன்றைக்குப் பிரியாணி எனக்கு இறங்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில், ராமானுஜர் கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி மாடியில் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்காரர், ரிட்டயர்டு புரொபஸர். ஒரு யூனிவர்ஸிட்டியில் முப்பது வருஷம் ஸைக்காலஜி பாடம் எடுத்தவர். அதிலும் அவருடைய ஸ்பெஷல், பிஹேவியர் அனாலிஸிஸ். ஒரு ஜீவன் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு, அதன் மனசுக்குள் டார்ச் அடித்துத் தேடாமல், அந்தச் செய்கைக்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று பார்க்கிற சாஸ்திரம்.

விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எலி எப்பவும் தப்பு செய்யாது தம்பி" என்றார்.

"ஸார், அவன் பையன் ஸார்..."

"எங்க ஃபீல்டுல ஒரு பேச்சு. எலி நாம நினைச்ச மாதிரி நடக்கலைன்னா தப்பு எலி மேல இல்லை, பெட்டியை செட் பண்ணினவன் மேல. நீ எதுக்குப் பரிசு கொடுத்தே?"

"விபத்து நடக்காம இருக்க."

"இல்லை. விபத்து போர்டுல ஏறாம இருக்கக் கொடுத்தே. கேட்டது கிடைச்சுது."

எனக்குச் சுருக்கென்றது. அவர் மேலே பேசினார். ஸ்கின்னர் என்கிற அமெரிக்கர் முதலில் நாவலாசிரியர் ஆகத்தான் ஆசைப்பட்டாராம். எழுத்து வரவில்லை. (நமக்குத் தெரிந்தவர்கள் யாரும் இதற்காக நிறுத்தியதில்லை!) ஹார்வர்டுக்குப் படிக்கப் போய், 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் தீனி உருண்டை விழுகிற பெட்டி ஒன்றைத் தானே தச்சு வேலை செய்து கட்டினார். ஒருநாள் உருண்டை போடுகிற மெஷின் ஜாம் ஆகிவிட்டது. உங்கள் ஊர் எங்கள் ஊர் என்றால் மெயின்டனன்ஸுக்குப் போன் போட்டிருப்போம். மனுஷன், தீனி வராதபோது எலி எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவதை நிறுத்துகிறது என்று கிராஃபைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

இன்னொரு சனிக்கிழமை, உருண்டை ஸ்டாக் தீரப்போகிறது என்று, ஒவ்வொரு தடவையும் போடாமல் நிமிஷத்துக்கு ஒன்று என்று சிக்கனம் பிடித்தார். எலி நிறுத்தவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தது! இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு போய், 1957-ல் ஃபெர்ஸ்டர் என்பவரோடு சேர்ந்து ஒரு தடிப் புத்தகமே போட்டார். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறைதான் தீனி என்றால், கிடைத்தவுடன் சோம்பல், நேரம் நெருங்க நெருங்க அசுர வேகம். (மாசக் கடைசியில் உங்கள் ஆபீஸைப் பார்த்தால் புரியும்.) எப்போது கிடைக்கும் என்றே தெரியாவிட்டால், விடாமல் அழுத்தும். (உங்கள் செல்போனை எடுத்து இப்போதே பார்க்கத் தோன்றுகிறதல்லவா? அதேதான்.)

"அவருக்கும் ஒரு பொண்ணு உண்டு" என்றார் புரொபஸர். "1953-ல அவ கணக்கு க்ளாஸைப் போய்ப் பார்த்தார். முடிச்ச பிள்ளையும் சும்மா உட்கார்ந்திருக்கு, முடிக்காத பிள்ளையும் முழிச்சுக்கிட்டு இருக்கு. போட்டது சரியா தப்பான்னு மறுநாள்தான் தெரியும். எலிக்குக் கிடைக்கிற மரியாதைகூடப் பிள்ளைக்கு இல்லையேன்னு, விடை போட்ட உடனே சரியா இல்லையான்னு தெரியற மாதிரி ஒரு மெஷின் பண்ணினார். அவர் சிநேகிதர் கெல்லர்னு ஒருத்தர். அவனவன் வேகத்துல படிக்கட்டும், ஒரு பாடம் நல்லா வந்த பிறகு அடுத்ததுக்குப் போகட்டும்னு பிரேஸில்ல சிலரோட சேர்ந்து ஒரு முறையையே உண்டாக்கினார்."

"நீங்களும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தீங்களா ஸார்?"

புரொபஸர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்க டிபார்ட்மென்ட்ல ஸ்கின்னர் பெட்டி ஒண்ணு இருந்தது. பீரோவுல பூட்டி வெச்சிருந்தோம். சாவி ஆபீஸ்ல. எலி வாங்க சாங்ஷன் வரலை. ஹாஸ்டல் மெஸ்ல மட்டும் ஏகப்பட்ட எலி. அதனால முப்பது வருஷமும் நோட்ஸ் டிக்டேட் பண்ணினேன். தண்டனையால நல்ல பழக்கம் வராது, அது மறைக்கத்தான் கத்துக்கொடுக்கும்னு நானே சொல்வேன். சொல்லிட்டு, அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தவனை வெளியே நிறுத்துவேன்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு பையன் எழுந்து சந்தேகம் கேட்டான். அசட்டுத்தனமான கேள்வி. நான் ஒரு ஜோக் அடிச்சேன், க்ளாஸே சிரிச்சுது. அதுக்கப்புறம் அவன் கேட்கலை. யாருமே கேட்கலை. பாடம் எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சுன்னு பெருமையா இருந்தேன். உன்னோட போர்டு மாதிரிதான் தம்பி. சந்தேகமே வராத முப்பது வருஷம்."

மைக்குக்குப் பக்கத்தில் நான் அடித்த ஜோக் ஞாபகம் வந்தது. காபி ஆறிப்போயிருந்தது.

மறுநாள் மானேஜரிடம் போய், போர்டைக் கழற்றலாம் என்றேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "2016-ல் அமெரிக்காவிலேயே, காயத்தைச் சொல்லவிடாமல் தடுக்கிற பரிசுத் திட்டம் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள் ஸார்" என்றேன். அமெரிக்கா என்றதும் உட்காரச் சொன்னார்.

இப்போது புது ஏற்பாடு. 'மயிரிழையில் தப்பித்தேன்' என்று யார் சீட்டு எழுதிப் போட்டாலும், அன்றைய ஷிஃப்ட் முடிவதற்குள் நானே நேரில் போய்த் தாங்க்ஸ் சொல்லவேண்டும். முடிந்தால் அன்றே சரிசெய்யவேண்டும். முடியாவிட்டால் எப்போது முடியும் என்று சொல்லவேண்டும். பிரியாணி கிடையாது. முதல் வாரம் பெட்டியில் ஒரு சீட்டுகூட இல்லை. நானாவது ஒன்று எழுதிப் போடலாமா என்று நினைத்தேன். புரொபஸரிடம் புலம்பினால், "முப்பது வருஷம் பூட்டின பீரோ தம்பி, உடனே திறக்காது" என்றார்.

இரண்டாவது திங்கட்கிழமை ஒரு சீட்டு விழுந்தது. 'நாலாம் நம்பர் பிரஸ், தகட்டு ஓரத்தில் பிசிறு அதிகம். டை தேய்ந்திருக்கிறது. கையைக் கிழிக்கும்.' எழுத்து கோணல்மாணல். கையெழுத்து பார்த்ததும் புரிந்தது. கட்டு இன்னும் பிரிக்காத கை.

ஓடிப்போய்த் தாங்க்ஸ் சொன்னேன். டையைக் கழற்றி டூல் ரூமுக்கு அனுப்பினோம். அன்று ஸாரி சொல்லவும் வாய் திறந்தேன், வார்த்தை வரவில்லை. அவனே, "பரவாயில்லை ஸார், ஹாட்பாக்ஸ் அம்மாவுக்குக் குடுத்துட்டேன்" என்றான்.

அந்த வாரம் பதினோரு சீட்டு. மானேஜர் பதறிப்போய், "என்னய்யா, ஃபாக்டரியில திடீர்னு இவ்வளவு ஆபத்தா?" என்றார்.

"திடீர்னு இல்லை ஸார். இப்பத்தான் சொல்றாங்க."

பின்குறிப்பு: புரொபஸர் எனக்குச் சில நாள் ஃபில்டர் காபி கொடுப்பார், சில நாள் கொடுக்கமாட்டார். என்றைக்குக் கிடைக்கும் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒருநாள்கூடத் தவறாமல் நான் கீழே போய்க்கொண்டிருக்கிறேன். போன வாரம்தான் உறைத்தது, அவருக்குக் கடைசியில் எலி ஸாங்ஷன் ஆகிவிட்டது என்று.